மெக்காலிஸ்டர் தெருவிலிருந்து பாசடீனா வரை

சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபையின் பொன்முலாம் பூசிய கவிமாடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வடக்குப் பக்கம், மெக்காலிஸ்டர் தெருவை ஒட்டி நிற்கும் வெண்கலச் சிலைக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. ஹால் மெக்காலிஸ்டர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு வக்கீலின் சிலை அது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் பாஷ்யம் ஐயங்காரைச் சிலையாகப் பார்த்துப் பழகிய எனக்கு, கடல் கடந்து வந்த இடத்திலும் ஒரு வக்கீல் சிலையாக நிற்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

ஃப்ரிமான்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த பயணம் இது. "அப்பா, லீவுக்கு வந்தாலும் கோர்ட்டுக்குத்தான் போவீங்களா?" என்று கேட்டபடியே அவள் பார்ட் ரயிலுக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தாள். சிவிக் சென்டர் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் இந்தத் தெரு. அவளுடைய தோழிகளில் ஒருவர் ஓக்லாந்தில் அப்பீல் வழக்குகள் மட்டும் நடத்தும் வக்கீல். அவரைச் சந்தித்துப் பேசுவதுதான் என் நோக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் செகண்ட் அப்பீல் நடத்துகிறவனுக்கு அதைவிட நல்ல சுற்றுலா கிடையாது.

அவர்தான் என்னை முதலில் இந்தச் சிலைக்குக் கூட்டிவந்தார். காரணம், யிக் வோ வழக்கு. 1880ல் இந்த நகரசபை ஒரு விதி போட்டது: மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த வேண்டுமானால் சபையின் அனுமதி வேண்டும். நகரத்தில் அப்போது ஏறக்குறைய 320 சலவைக்கடைகள். அதில் 310 மரக்கட்டடங்கள். சுமார் 240 கடைகளைச் சீனர்கள் நடத்தினார்கள். அனுமதி கேட்ட சீனர்கள் இருநூறு பேருக்கும் மறுத்தார்கள். சீனர் அல்லாதவர்கள் எண்பது பேரில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கொடுத்தார்கள். யிக் வோ என்ற பெயரில் 22 ஆண்டுகள் அதே இடத்தில் கடை நடத்தியவர், பத்து டாலர் அபராதம் கட்டாததால் சிறைக்குப் போனார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். வாஷிங்டனில் அவருக்காக நின்ற வக்கீல்களில் ஒருவர் மெக்காலிஸ்டர். 1886 மே 10 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: சட்டத்தின் வாசகம் பார்வைக்கு நேர்மையாக இருந்தாலும், அதை அமல்படுத்துகிற கை ஓரவஞ்சனை செய்தால் அது சமத்துவத்தை மீறியதுதான், நாட்டின் குடிமகனாக இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 1952ல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் நம் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவை ஆராய்ந்தபோது நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது.

சிலை முன் நின்றபடி ஓக்லாந்து வக்கீல் சொன்ன ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. அந்த 240, 310, எண்பது என்ற எண்கள் எதையும் வாஷிங்டனில் யாரும் புதிதாக நிரூபிக்கவில்லை. அவை கீழே ஒப்புக்கொள்ளப்பட்டு ரெக்கார்டில் ஏறியிருந்தவை. அப்பீல் வக்கீலுக்குப் புதுச் சாட்சி கிடையாது, புது ஆவணம் கிடையாது. வழக்குக் கட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர் உலகம்.

அதே தெருவில் இன்னொரு அப்பீல் கதையும் உண்டு. 200ஆம் எண்ணில் உள்ள சட்டக் கல்லூரி, தொடங்கிய புதிதில் பெண்களைச் சேர்க்க மறுத்தது. கலிஃபோர்னியாவின் முதல் பெண் வக்கீல் கிளாரா ஃபோல்ட்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். கல்லூரி நிர்வாகம் அப்பீல் போனது. 1879ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடி, அந்த அப்பீலையும் ஜெயித்தார். இன்று அந்த உச்ச நீதிமன்றம் கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், 350ஆம் எண்ணில், ஏர்ல் வாரன் பெயர் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது. ஏழு நீதிபதிகள். ஒவ்வொரு தரப்புக்கும் அரை மணி நேரம். வழக்கு தீர்ப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பிறகு 90 நாட்களுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். தாமதித்தால் நீதிபதி சம்பளம் வாங்க முடியாது என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. இதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என் கட்சிக்காரர்களின் முகங்கள் வந்து போயின.

இந்த மாநிலத்தில்தான் 1972ல் அப்பீல் வக்கீல்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். கலிஃபோர்னியா அப்பீல் வக்கீல்கள் அகாடமி என்று பெயர். சந்தா கட்டினால் சேர்ந்துவிடலாம் என்பது இல்லை. ஏற்கெனவே உள்ளவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். 1990ல் நாடு முழுவதற்குமாக இன்னொரு அகாடமி வந்தது. அதில் சேர அப்பீல் பணியையே முதன்மையாகக் கொண்டு குறைந்தது 15 ஆண்டுகள் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். உறுப்பினர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வேறு. இத்தனை லட்சம் வக்கீல்கள் உள்ள நாட்டில் ஐந்நூறு பேர்.

நம்மூரில் சீனியர் அட்வகேட் பட்டம் வக்கீல்கள் சட்டம் 16ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கொடுப்பது. அதை எப்படிக் கொடுப்பது என்று பெரிய சர்ச்சையே நடந்தது. 2017ல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மதிப்பெண் முறை வகுத்தது, பின்னர் அதைக் கைவிட்டது. இங்கே கௌரவம் வருவது மேலேயிருந்து அல்ல, பக்கத்திலிருந்து. கூடவும் எதிரேயும் நின்ற வக்கீல்களே முடிவு செய்கிறார்கள். உள்ளே இருப்பவர்களே ஆள் எடுத்தால் தங்களைப் போன்றவர்களையே எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெரிய நகரம், பெரிய நிறுவனம், ஒரே மாதிரி முகங்கள் என்று சங்கம் சுருங்கிவிடலாம். அதை நான் கேட்டபோது, அகாடமியில் தேர்வாகியிருக்கும் ஓக்லாந்து வக்கீல் மறுக்கவில்லை, அதைப் பற்றி உள்ளே பேசத்தான் செய்கிறோம் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இந்த அமைப்பின் மேல் மரியாதையை உண்டாக்கியது. புதிதாக ஒருவர் பெயர் வந்தால் அந்த ஆள் எழுதிய பிரீஃபை, அதாவது எழுத்து வாதத்தைத்தான் இவர் முதலில் தேடுவாராம். அதிலும் முதலில் படிப்பது சட்ட வாதத்தை அல்ல, வழக்கின் உண்மைகளைச் சொல்லும் பகுதியை. எதிராளிக்குச் சாதகமான சாட்சியம் அங்கே முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பாராம்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டின் முடிவுக்குச் சாட்சிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அப்பீல் போகிறவர், தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துவைக்கக்கூடாது. பாதகமானதையும் சேர்த்து எல்லாவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வாதத்தையே கைவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஃபோர்மன் அண்ட் கிளார்க் வழக்கில் 1971ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அகாடமி தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். உன்னை வீழ்த்தக்கூடிய சாட்சியத்தை உன் கையாலேயே ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகும் நீ ஜெயிக்க வேண்டும் என்று காட்டுவதுதான் இந்தத் தொழில். அது நன்றாக நடந்திருக்கிறதா என்று ஜூரிக்குத் தெரியாது, கட்சிக்காரருக்கும் தெரியாது. அதே கட்டைப் படித்த இன்னொரு வக்கீலுக்குத் தெரியும். அதனால் இந்தக் கௌரவத்தைச் சக வக்கீல்கள் கொடுப்பதுதான் பொருத்தம்.

ஓக்லாந்தில், மெரிட் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் அலுவலகத்துக்கு ஒரு நாள் மதியம் போனேன். சுவர் முழுக்கப் பழைய பிரீஃப்கள். அட்டை நிறம் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். மாநில நீதிமன்றத்தில் அப்பீல் செய்பவரின் தொடக்க வாதம் பச்சை, எதிர்வாதம் மஞ்சள், பதில் வாதம் வெளிர்பழுப்பு, வழக்கில் கட்சியாக இல்லாமல் நீதிமன்றத்துக்கு உதவ வருகிறவருடையது சாம்பல். மத்திய நீதிமன்றத்துக்குப் போனால் நீலம், சிவப்பு என்று வரிசை மாறும். பெரும்பாலும் கணினி வழியே தாக்கல் ஆகும் இந்தக் காலத்திலும் காகிதப் பிரதிகளுக்கு நிறத்தை விடவில்லை. சிவில் அப்பீலில் தொடக்க வாதத்துக்கு 14,000 வார்த்தை வரம்பு. அடிக்குறிப்பும் கணக்கில் சேரும். எத்தனை வார்த்தை என்று வக்கீல் சான்று கொடுக்க வேண்டும். நாம் அப்பீல் மனுவில் ஒரே காரணத்தை ஒன்பது விதமாக எழுதி எண் போடுகிறோமே, இங்கே அப்படிச் செய்தால் இடம் போதாது.

அன்று நான் பார்த்தது மாதிரி விசாரணை. அடுத்த வாரம் ஒன்பதாம் சர்க்யூட் என்ற மத்திய அப்பீல் நீதிமன்றத்தில் அவருக்கு வழக்கு. மூன்று வக்கீல்கள் மேசையின் ஒரு பக்கம் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். இரு தரப்பு பிரீஃப்களையும் படித்துக் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இவருக்கு எதிராக முன்பு ஒரு வழக்கை ஜெயித்தவர். கட்டணம் எதுவும் கிடையாது. நாளை அவர்களுக்கு வழக்கு வந்தால் இவர் போய் உட்காருவார். எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசியதும் கேள்வி விழுந்தது. பதில் முடியும் முன் அடுத்தது. இருபது நிமிடம் என்று குறித்துவைத்தது ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பிறகு எல்லாரும் உட்கார்ந்து, எந்தப் பதில் தடுமாறியது, எந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசினார்கள். பலவீனமான வாதம் ஒன்றைக் கைவிட்டுவிடு என்று மூவரும் சொன்னார்கள். அவர் அதை உடனே அடித்துவிட்டார். இத்தனை வருடத் தொழிலில் சக வக்கீல்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு உழைப்பைக் கொடுத்து நான் பார்த்தது குறைவு.

ஒன்பதாம் சர்க்யூட்டின் தலைமையிடம் மிஷன் தெருவும் ஏழாம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. சுற்றிலும் கூடாரங்கள், தள்ளுவண்டியில் உடைமைகளோடு தெருவில் வாழ்கிறவர்கள். கதவைத் தாண்டினால் பளிங்கும் மொசைக்கும். 1905ல் தபால் நிலையமும் நீதிமன்றமுமாகத் திறந்த கட்டடம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நகரத்தையே தரைமட்டமாக்கிய பூகம்பத்தில் இது நின்றது. பின்னாலேயே வந்த தீயைத் தபால் ஊழியர்கள் ஈரச் சாக்குகளால் அடித்து அணைத்தார்கள். 1989 அக்டோபர் பூகம்பத்தில் மறுபடி அடிபட்டுப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. தூண்களை அடியில் அறுத்து, நிலம் ஆடினாலும் மேலே கட்டடம் மெதுவாக நகர்ந்துகொடுக்கும்படி இருநூற்றுக்கும் மேற்பட்ட தாங்கிகளை வைத்துத் திருத்தினார்கள். இப்போது ஜேம்ஸ் பிரவுனிங் என்ற நீதிபதியின் பெயரில் இருக்கிறது.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் யார் என்ன என்று கேட்காமல் உள்ளே விட்டார்கள். மூன்று நீதிபதிகள். யார் அந்த மூவர் என்பது விசாரணைக்கு முந்தைய வாரத் திங்கட்கிழமைதான் வெளியில் தெரியும். ஆகவே நீதிபதியைப் பார்த்து வழக்கை வடிவமைக்க முடியாது. அன்று நான் கேட்ட வழக்குகளில் ஒன்று, அடைக்கலம் கேட்டு வந்த ஒருவருடையது. அவர் சொன்னதை நம்ப முடியாது என்று கீழே முடிவாகியிருந்தது. முரண்பாடு என்று கீழே சுட்டிக்காட்டியது உண்மையில் முரண்பாடே இல்லை என்று அவருடைய வக்கீல் தொடங்கினார். நடுவில் இருந்த நீதிபதி குறுக்கிட்டார். "ரெக்கார்டில் எந்தப் பக்கம்?" வக்கீல் புரட்டாமலே பக்க எண்ணைச் சொன்னார். மூன்று நீதிபதிகளும் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் அறையில் யாரும் பேசவில்லை. ஒரு மனிதனின் உயிர் அந்தப் பக்கத்தில் இருந்தது. அரசு வக்கீலிடமும் அதே கேள்வி போனது. அவரும் மழுப்பாமல், அந்தப் பக்கம் தங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இப்படி இருக்கிறது என்று அதையும் காட்டினார். அவர் மீது எனக்கு வந்த மதிப்பு சாதாரணமானது அல்ல.

ஓக்லாந்து வக்கீலின் சொந்த வழக்கு பாசடீனாவில். அதே சர்க்யூட்டின் தெற்குக் கிளை. மகளும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ள, காரில் போனோம். ஐந்தாம் நெடுஞ்சாலை மத்திய பள்ளத்தாக்கின் மேற்கோரமாக நேர்க்கோடு போட்டது போல் போகிறது. பாதாம் தோப்புகள், மறுபடி பாதாம் தோப்புகள், தண்ணீர் கேட்டு விவசாயிகள் நட்டுவைத்த பலகைகள். கோலிங்கா பக்கம் பல்லாயிரம் மாடுகளை அடைத்துவைத்திருக்கும் பட்டியின் வாடை கண்ணாடியை ஏற்றிய பிறகும் வந்தது. டெஹோன் கணவாயில் ஏறி இறங்கினால் லாஸ் ஏஞ்சல்ஸ்.

பாசடீனா நீதிமன்றம் ஒரு காலத்தில் ஹோட்டல். விஸ்டா டெல் அரோயோ என்று பெயர். கிழக்கு மாநிலச் செல்வந்தர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வருவார்களாம். வெளிர் ரோஜா நிறச் சுவர், ஸ்பானிய ஓடு, நடுவே கோபுரம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் எடுத்து மருத்துவமனை ஆக்கியது. பிறகு பாழடைந்து நின்றதை, ரிச்சர்ட் சேம்பர்ஸ் என்ற நீதிபதி விடாப்பிடியாக நின்று நீதிமன்றம் ஆக்க வைத்தார். 1980களின் நடுவில் திறந்தார்கள். தோட்டத்திலிருந்து பார்த்தால் அரோயோ செக்கோ பள்ளத்தின் மேல் 1913ல் கட்டிய வளைவுப் பாலம். பின்னால் சான் கேப்ரியல் மலைகள். நான் பார்த்த நீதிமன்றங்களில் இவ்வளவு அழகான இடத்தில் வேறொன்று இல்லை.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. மாதிரி விசாரணையில் வந்த கேள்விகளில் பாதி அப்படியே வந்தன. கைவிட்ட வாதத்தைப் பற்றி நீதிபதி ஒருவர் கேட்டார்; அதை நாங்கள் வற்புறுத்தவில்லை என்றார் இவர். நீதிபதி தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார். பதில் சொல்ல ஒதுக்கிவைத்திருந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தினார். தீர்ப்பு வர மாதங்கள் ஆகலாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும்போது, பணம் இல்லாதவனுக்கு இந்தத் திறமையெல்லாம் கிடைக்குமா என்று கேட்டேன். என் மனத்தில் முதல் நாளிலிருந்தே இருந்த கேள்வி அது. லாஸ் ஏஞ்சல்ஸைக் கையால் காட்டி, அதற்கும் பதில் இங்கிருந்துதான் வந்தது என்றார். மெய்ஸ், டக்ளஸ் என்ற இருவர் இங்கே பதின்மூன்று குற்றங்களுக்குத் தண்டனை பெற்றார்கள். அப்பீலுக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லை. அப்பீல் நீதிமன்றம் கட்டைப் படித்துப் பார்த்து, வக்கீல் வைத்தாலும் பயன் இருக்காது என்று மறுத்தது. 1963 மார்ச் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டப்படி கிடைக்கும் முதல் அப்பீலில் ஏழைக்கும் வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்றது. விசாரணை நீதிமன்றத்தில் ஏழைக்கு வக்கீல் என்ற புகழ்பெற்ற கிடியன் தீர்ப்பும் அதே நாளில் வந்தது. கிடியனை எல்லாருக்கும் தெரியும். டக்ளஸ் தீர்ப்பை அப்பீல் வக்கீல்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1979ல் வெண்டே என்பவரின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. நியமிக்கப்பட்ட வக்கீல் கட்டு முழுவதையும் படித்தும் வாதிட ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், வழக்கின் சுருக்கத்தை மட்டும் எழுதித் தாக்கல் செய்யலாம். அப்போது நீதிபதிகளே முழுக் கட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். ஏழைகளின் அப்பீல்களுக்கு வக்கீல் நியமித்து, இளையவர்களின் பிரீஃபை மூத்தவர்கள் சரிபார்த்து உதவும் அமைப்புகள் சான் டியேகோ முதல் சாக்ரமென்டோ வரை மாநிலம் முழுக்க இருக்கின்றன. இவர் தொழில் கற்றதே அப்படி ஓர் இடத்தில்தானாம். அரசு தரும் மணிக்கூலி தனியார் கட்டணத்துக்குப் பக்கத்தில் வராது. இருந்தும் ஆண்டுதோறும் சில நியமன வழக்குகளை எடுத்துக்கொள்கிறார். அகாடமியில் தேர்வானதைப் பற்றிப் பேசும்போது இல்லாத பூரிப்பு, ஒரு சிறைக்கைதியின் கட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட தண்டனைக் கணக்குப் பிழையைக் கண்டுபிடித்து, அவனைச் சில மாதங்கள் முன்னதாக வெளியே கொண்டுவந்ததைச் சொல்லும்போது அவரிடம் இருந்தது.

மதுரை திரும்பியதும் என் மேசையில் இருந்த ஒரு செகண்ட் அப்பீல் கட்டை எடுத்தேன். வரப்புத் தகராறு, இரண்டு கோர்ட்டிலும் தோற்றது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்றைக் காட்டினால்தான் அனுமதியே கிடைக்கும். மனுவில் ஆறு பிரச்சினைகள் எழுதியிருந்தேன். இப்போது இரண்டு இருக்கின்றன. சர்வேயர் அறிக்கையில் எங்களுக்குப் பாதகமான பத்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பார் அசோசியேஷனில் மூன்று பேரிடம் நகல் கொடுத்தாயிற்று. வரும் சனிக்கிழமை சாயங்காலம் என் அலுவலகத்தில் அவர்கள் பெஞ்சாக உட்காருகிறார்கள். மூவரில் ஒருவர் வழக்கமாக எனக்கு எதிரே நிற்பவர். கட்டை முழுசாகப் படித்துவிட்டுத்தான் வருவேன் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார்.